சாட்டிலைட்ல சேர்ற ஸ்டேடிக் சார்ஜ்: எங்க சேருது, எப்ப வெடிக்குது, எப்படி வடிய விடுறது (முழுமையான வழிகாட்டி)

ஸ்பேஸ்ல காத்து கிடையாது, எதுவும் எதோடயும் உரசுறது இல்ல, அப்புறம் எப்படிங்க ஸ்டேடிக் வரும்னு கேக்குறவங்க நிறைய. நியாயமான கேள்விதான். ஆனா அங்க சார்ஜ் வர்றதுக்கு உரசலே வேணாம். நாம வெற்றிடம்னு சொல்ற இடத்துல பிளாஸ்மா இருக்கு, அதாவது தனித்தனியா பிரிஞ்சு ஓடுற எலக்ட்ரானும் அயனியும். சாட்டிலைட் அதுக்குள்ள முங்கித்தான் கிடக்கு, 24 மணி நேரமும் ரெண்டும் அது மேல வந்து விழுந்துக்கிட்டே இருக்கு. புரோட்டான் எலக்ட்ரானை விட 1,836 மடங்கு கனம், அதனால ஒரே வெப்பநிலைல எலக்ட்ரான் சுமார் 43 மடங்கு வேகமா ஓடும், முதல்ல வந்து ஒட்டுறதும் அதுதான், அதனாலதான் வேற எதுவும் குறுக்க வராத வரைக்கும் சாட்டிலைட் மைனஸ் பக்கம் போகுது. கீழ வடிச்சு விட பூமியும் இல்ல, கசிய விட ஈரக்காத்தும் இல்ல.

ஒரு விஷயத்தை மட்டும் இப்பவே மனசுல ஏத்திக்கங்க, கீழ வர்ற எல்லா படியும் இதைச் சுத்தித்தான். மொத்த சாட்டிலைட்டும் ஒண்ணா மைனஸ் 10,000 வோல்ட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அதுபாட்டுக்கு சுத்தும். பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு பார்ட்டுக்கு நடுவுல சில நூறு வோல்ட் வித்தியாசம் வந்துச்சுன்னா அங்கதான் வம்பு. அதனால நீங்க தேட வேண்டியது பெரிய வோல்டேஜை இல்ல, எதோடயும் இணையாம அந்தரத்துல நிக்குற பார்ட்டை.

படி 1: முதல்ல ஆர்பிட்டைப் பாருங்க

எந்த உயரம், நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ஞ்சு சுத்துதுன்னு தெரியாம மெட்டீரியல் பத்தி பேசுறதுல அர்த்தமே இல்ல.

பூமிக்குப் பக்கத்துல, 300லிருந்து 1,000 கிலோமீட்டர் வரைக்கும், பிளாஸ்மா அடர்த்தியா இருக்கும், ஆனா குளிர்ச்சியானது. ஒரு சாதாரண உலோகப் பெட்டி அங்க ஒரு வோல்ட் ரெண்டு வோல்ட் மைனஸ் போறதோட நின்னுடும். சின்ன சாட்டிலைட் செஞ்சு, பஸ் வோல்டேஜ் (அதாவது மெயின் பவர் லைனோட வோல்டேஜ்) 8 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வச்சு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துலயே சுத்த விடுறீங்கன்னா மேற்பரப்பு சார்ஜ் பத்தி ரொம்ப கவலைப்பட வேணாம். அதே பெட்டியை துருவ ஆர்பிட்ல விட்டா கதை மாறும், ஏன்னா துருவ ஒளி வர்ற பகுதியைத் தாண்டும்போது பல ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானோட சக்தியை அளக்குற அலகு) சக்தியுள்ள எலக்ட்ரான் மழை மாதிரி கொட்டும். அமெரிக்காவோட டி.எம்.எஸ்.பி. வானிலை சாட்டிலைட்டுகள் சுமார் 840 கிலோமீட்டர் உயரத்துல பறந்தப்பவே அங்க மைனஸ் 1,000 வோல்ட்டைத் தாண்டினது பதிவாகியிருக்கு.

மேல 36,000 கிலோமீட்டர்ல, டிவி சாட்டிலைட்டெல்லாம் நிக்குற புவிநிலை ஆர்பிட்ல, பிளாஸ்மா ரொம்ப லேசு ஆனா கொதிக்கும். காந்தப் புயல் (சூரியன்ல இருந்து வர்ற வீச்சு பூமியோட காந்தப்புலத்தைக் கலக்குறது) நேரத்துல அங்க எலக்ட்ரானோட சக்தி பத்தாயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் போயிடும். 1969ல ஏவின ஏ.டி.எஸ்.-5 பூமி நிழலுக்குள்ள போனப்ப கிட்டத்தட்ட மைனஸ் 10,000 வோல்ட்டைத் தொட்டுச்சு, அடுத்து வந்த ஏ.டி.எஸ்.-6 மைனஸ் 19,000 வரைக்கும் போச்சு. இதைப் பாத்துத்தான் இதுக்குன்னே ஸ்காதாங்கிற பேர்ல ஒரு சாட்டிலைட்டை 1979 ஜனவரில ஏவி மாசக்கணக்கா அளந்தாங்க. ஜி.பி.எஸ். சுத்துற 20,200 கிலோமீட்டர் பக்கம் கதிர்வீச்சு வளையத்துக்கு நடுவுல வரும், அங்க மேற்பரப்பை விட உள்ள புகுந்து சேர்ற சார்ஜ்தான் பெரிய தலைவலி, அதைப் படி 5ல பாப்போம். வியாழன் பக்கம் போறவங்களுக்கு எல்லாமே சேந்து வரும்.

படி 2: வர்றது எவ்வளவு, போறது எவ்வளவுன்னு கணக்கு போடுங்க

சாட்டிலைட்டோட வோல்டேஜை முடிவு பண்றது வரவு செலவுக் கணக்குதான். எலக்ட்ரான் வர்றது ஒரு பக்கம். அயனி வர்றது, வெயில் பட்டு எலக்ட்ரான் தெறிச்சுப் போறது, வந்து மோதின எலக்ட்ரான் இன்னொரு எலக்ட்ரானைத் தட்டி வெளிய விடுறது, மோதினதே திரும்பிப் போறது, இதெல்லாம் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் எந்த வோல்டேஜ்ல சமமாகுதோ அங்க சாட்டிலைட் நிக்கும்.

இதுல வெயிலோட பங்கு ரொம்பப் பெரிசு. வெயில் பட்டா ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 20 மைக்ரோ ஆம்பியருக்கு மேல எலக்ட்ரான் வெளிய போகும், கடுமையான புயல்ல கூட உள்ள வர்றது 3 மைக்ரோ ஆம்பியர் பக்கம்தான். அதனால வெயில் படுற உலோகம் சாதாரணமா சில வோல்ட் பிளஸ்ல சாந்தமா இருக்கும். நிழல்ல இருக்குற பக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஒரே சாட்டிலைட்டோட வெயில் பக்கமும் நிழல் பக்கமும் வேற வேற வோல்டேஜுக்குப் போறது இப்படித்தான், அதுலயும் நிழல் பக்கம் இன்சுலேட்டரா இருந்துட்டா சொல்லவே வேணாம்.

ஒரு சின்ன கணக்கு போட்டுக் காட்டுறேன், இதை ஒரு தடவை கையால போட்டுப் பாத்தவங்களுக்கு மத்ததெல்லாம் தானா புரியும். சாட்டிலைட்டை 1 மீட்டர் ஆரமுள்ள உலோக உருண்டைன்னு வச்சுக்கங்க. அதோட கெபாசிட்டன்ஸ் (சார்ஜைத் தேக்கி வைக்கிற கொள்ளளவு) வெறும் 111 பிகோ ஃபேரட். 10,000 வோல்ட்டுக்குப் போக தேவையான சார்ஜ் சுமார் 1.1 மைக்ரோ கூலும். உருண்டையோட பரப்பு 12.6 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 3 மைக்ரோ ஆம்பியர்னா மொத்தம் 38 மைக்ரோ ஆம்பியர், அப்ப கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள, சுமார் 0.03 செகண்டுல, அது 10,000 வோல்ட்டுக்குப் போயிடும் (நிஜத்துல மைனஸ் ஏற ஏற வர்ற எலக்ட்ரானைத் தள்ளி விடும், அதனால கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் செகண்ட் கணக்குதான்). அதுல தேங்குற சக்தி 5.6 மில்லி ஜூல்.

இப்ப அந்த உருண்டை மேல 125 மைக்ரான் தடிமனுள்ள காப்டான் (இன்சுலேட்டரா இருக்குற ஒரு பிளாஸ்டிக்) ஷீட் ஒட்டியிருக்குன்னு வச்சுக்கங்க, காப்டானோட வெளிப்பக்கத்துக்கும் கீழ இருக்குற உலோகத்துக்கும் நடுவுல இருக்குற கெபாசிட்டன்ஸ் சதுர மீட்டருக்கு 0.24 மைக்ரோ ஃபேரட், உருண்டைல இருந்ததை விட ஆயிரம் மடங்குக்கு மேல. அங்க 1,000 வோல்ட் வித்தியாசம் வர 80 செகண்ட் ஆகும். மெதுவாத்தான் ஏறும், ஆனா ஒரு சதுர மீட்டர்லயே 120 மில்லி ஜூல் தேங்கி நிக்கும், முழு உருண்டையும் 10,000 வோல்ட்ல வச்சிருந்ததைப் போல 20 மடங்கு. அதோட அந்த ஷீட்டுக்குள்ள மின்புலம் மீட்டருக்கு 80 லட்சம் வோல்ட், இன்சுலேட்டர் கிழியத் தொடங்குற அளவு மீட்டருக்கு 1 கோடி வோல்ட்லயே ஆரம்பிக்கும், அதாவது விளிம்புக்கு வந்தாச்சு. வோல்டேஜ் குறைவு, ஆபத்து அதிகம். இதுக்காகத்தான் மேல அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

படி 3: வெளிய தெரியுற ஒவ்வொரு மெட்டீரியலையும் எழுதுங்க

சிமுலேஷன் சாஃப்ட்வேரைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல பட்டியல் போடுங்க. என்னைக் கேட்டா பாதி பிரச்சினை இந்தப் பேப்பர்லயே மாட்டிடும். வெளிய தெரியுற மெட்டீரியல் எது, எவ்வளவு பரப்பு, தடிமன் என்ன, வெயில் படுமா நிழல்லயே கிடக்குமா, கீழ இருக்குற ஃப்ரேமோட (சாட்டிலைட்டோட உலோக எலும்புக்கூடு) எப்படி இணைஞ்சிருக்கு. சோலார் செல் மேல இருக்குற கண்ணாடி, தெர்மல் பிளாங்கெட்டோட (சூடு குளிர்ல இருந்து காக்குற போர்வை) வெளிப்படலம், ரேடியேட்டர் மேல ஒட்டுற குவார்ட்ஸ் கண்ணாடி ஓடு, வெள்ளை பெயிண்ட், ஆனடைஸ் பண்ண அலுமினியம், ஆன்டெனா கவர், வெளிய ஓடுற வயரோட உறை, லேபிள் ஸ்டிக்கர் கூட. ஆமா ஸ்டிக்கர் கூடத்தான்.

ஆனடைஸ் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. பாக்க உலோகம், கையில தட்டினா உலோகச் சத்தம், ஆனா மேல சில மைக்ரான் தடிமனுக்கு அலுமினியம் ஆக்சைடு, அது நல்ல இன்சுலேட்டர். ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டோம், கான்டாக்ட் ஆகியிருக்கும்னு விட்டுடாதீங்க, முடுக்குற இடத்துல சுரண்டி வெறும் உலோகம் தெரியுறா மாதிரி விடணும்.

மாத்து என்னன்னா, கார்பன் கலந்த கருப்பு காப்டான், கண்ணாடி மேல இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு, கடத்துற தன்மையுள்ள பெயிண்ட். நல்ல கடத்தியா இருக்கணும்னு அவசியமே இல்லைங்க, ஒரு சின்னத் துண்டு வழியா ஓடுறது நானோ ஆம்பியர் கணக்குதான், 10 கோடி ஓம் தடை வழியா 1 நானோ ஆம்பியர் வடிஞ்சா நிக்குற வோல்டேஜ் வெறும் 0.1 வோல்ட். சார்ஜ் மெதுவா கசிஞ்சு போக ஒரு வழி இருந்தாப் போதும்.

ரெசிஸ்டன்ஸ் அளக்குறதுல ஒரு பொறி இருக்கு. சாதாரண லேப்ல, ஈரக்காத்துல, சில நிமிஷத்துல அளந்த எண்ணை டேட்டாஷீட்ல போட்டிருப்பாங்க. வெற்றிடத்துல நாள் கணக்கா வச்சு அளந்தா அதே பிளாஸ்டிக் பல மடங்கு அதிக தடை காட்டும், குளிரா இருந்தா இன்னும் கூடும். லேப்ல மணிக்கணக்குல கசிஞ்ச சார்ஜ் ஸ்பேஸ்ல மாசக்கணக்குல உக்காந்திருக்கும்.

படி 4: அந்தரத்துல எதையும் விடாதீங்க

இந்த வழிகாட்டியில நேரம் இல்லாதவங்க ஒரே ஒரு படி செய்யணும்னா இதைச் செய்யுங்க. ஒவ்வொரு உலோகத் துண்டுக்கும் ஃப்ரேமுக்கு ஒரு வழி வேணும். தெர்மல் பிளாங்கெட்டுல பத்து இருபது அலுமினியப் படலம் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும், வெளிப்படலத்தை மட்டும் கிரவுண்ட் பண்ணிட்டு (அதாவது ஃப்ரேமோட சேத்துட்டு) உள்ள இருக்குறதை மறந்தா ஒவ்வொண்ணும் தனி கெபாசிட்டர். எல்லா படலத்தையும் மடிச்சுக் கோத்து, ஒரு பிளாங்கெட்டுக்கு குறைஞ்சது ரெண்டு இடத்துல கிரவுண்ட் பட்டை கொடுக்கணும், ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு தாங்கும்.

இது சும்மா சொல்றது இல்ல. ஜப்பானோட மிடோரி-2 சாட்டிலைட், 2002 டிசம்பர்ல போச்சு, சுமார் 800 கிலோமீட்டர் உயரத்துல துருவ ஆர்பிட். 2003 அக்டோபர்ல, ஒரு பெரிய சூரியப் புயல் சமயத்துல, 6 கிலோவாட் வந்துக்கிட்டிருந்த மின்சாரம் திடீர்னு 1 கிலோவாட்டுக்கு விழுந்துச்சு, அதோட ஆள் அவுட். விசாரிச்சப்ப மாட்டினது சோலார் பேனல்ல இருந்து வர்ற வயர்க் கட்டு. அந்த வயரெல்லாம் ஒரே கட்டா ஒரு தெர்மல் பிளாங்கெட்டுக்குள்ள போகுது, அந்த பிளாங்கெட் கிரவுண்ட் ஆகல, துருவ எலக்ட்ரான் அதை சார்ஜ் பண்ணுது, உள்ள வயரோட உறை சூடும் குளிரும் மாறி மாறி விரிசல் விட்டிருந்தா அங்க ஸ்பார்க் பத்தி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வயரெல்லாம் எரியுது. இதுதான் அவங்க பெரும்பாலும் நடந்திருக்கும்னு சொன்ன காரணம்.

உள்ளயும் இதே விதிதான்: கனெக்டர்ல யூஸ் பண்ணாத பின், போர்டுல எங்கயும் போகாம நிக்குற காப்பர் பட்டை, சிப் மேல ரேடியேஷனுக்காக ஒட்டுற உலோகத் தகடு, ரிலே கவர், டிரான்ஸ்ஃபார்மர் கோர், ஸ்பேர்னு சொல்லி முனையை டேப் சுத்தி விட்ட வயர். ஃப்ரேமோட நேரா சேக்க முடியலைன்னா பெரிய ரெசிஸ்டர் ஒண்ணு வழியா சேருங்க.

படி 5: உள்ள புகுந்து சேர்ற சார்ஜ்

இது வேற ஜாதி. பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள எலக்ட்ரான் மேல்தகட்டுல நிக்காது, 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் இருந்தா சுமார் 2 மில்லிமீட்டர் அலுமினியம் வரைக்கும் துளைச்சுட்டுப் போகும், போய் ஒரு வயரோட டெஃப்லான் உறைக்குள்ளயோ சர்க்யூட் போர்டுக்குள்ளயோ தங்கிடும். அங்கிருந்து வெடிச்சா நேரா சிக்னல் லைன்ல, வெளிய வெடிக்கிறதை விட சக்தி கம்மிதான் ஆனா அடி விழுற இடம் அப்படி.

1990ல ஏவின சி.ஆர்.ஆர்.இ.எஸ். சாட்டிலைட்ல இதுக்குன்னே இன்சுலேட்டர் துண்டுகளை வச்சு எண்ணினாங்க. அது ஒரு சுத்து வர கிட்டத்தட்ட 10 மணி நேரம். அதுல இருந்து வந்த நடைமுறைக் கணக்கு: 10 மணி நேரத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கோடி எலக்ட்ரானுக்குள்ள இருந்தா பெரும்பாலும் பயம் இல்ல. புவிநிலை ஆர்பிட்டுக்கு அந்த அளவுக்குக் கீழ கொண்டு வர, எல்லா சுவரும் சேத்து சுமார் 2.8 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமமா மறைப்பு இருக்கணும்னு நாசா கையேட்டுல இருக்கு. வெளிய ஓடுற வயருக்கு அந்த மறைப்பு கிடைக்காது, அதனால அது உள்ள நுழையுற இடத்துலயே ஃபில்டர் போடுங்க.

படி 6: சோலார் பேனல்

தனிப் படியா எடுக்கக் காரணம், இங்க மட்டும்தான் ஸ்பார்க்குக்குத் தீனி போட மின்சாரம் பக்கத்துலயே தயாரா இருக்கு. புயல்ல ஃப்ரேம் மைனஸ் ஆயிரக்கணக்குல போகும், செல் மேல இருக்குற கண்ணாடி வெயில்ல எலக்ட்ரானை விட்டுட்டு அந்த அளவுக்கு இறங்காது, அதாவது ஃப்ரேமை விட கண்ணாடி பிளஸ். இந்தத் தலைகீழ் வித்தியாசம் 500 வோல்ட் பக்கம் வந்தாலே கண்ணாடியும் உலோகமும் வெற்றிடமும் சேர்ற விளிம்புல ஸ்பார்க் கிளம்பிடும். அந்த முதல் ஸ்பார்க் சின்னது, மைக்ரோ செகண்ட் கணக்கு. ஆனா பக்கத்து ரெண்டு செல் வரிசைக்கு நடுவுல இடைவெளி ஒரு மில்லிமீட்டர், வோல்டேஜ் வித்தியாசம் கிட்டத்தட்ட 100 வோல்ட்னு இருந்தா, பேனல் தர்ற மின்சாரமே அந்த ஸ்பார்க் வழியா ஓட ஆரம்பிச்சு, கீழ இருக்குற காப்டான் கருகி கார்பனாகி, நிரந்தர ஷார்ட் ஆகிடும். 1997ல டெம்போ-2, பி.ஏ.எஸ்.-6னு ரெண்டு சாட்டிலைட் இப்படித்தான் பவரை இழந்துச்சு.

அதுக்கப்புறம் வந்த வைத்தியம் இன்னைக்கும் அதுதான்: பக்கத்து பக்கத்து வரிசைக்கு வோல்டேஜ் வித்தியாசம் குறைவா வர்ற மாதிரி செல்லை அடுக்குறது, இடைவெளியில சிலிகான் ரப்பர் ரொப்புறது, வரிசைக்கு வரிசை டையோடு போட்டு ஒரு ஸ்பார்க்குக்குள்ள எல்லா மின்சாரமும் பாயாம தடுக்குறது.

கீழ்நிலை ஆர்பிட்லயும் இந்த ஒரு இடத்துல தப்பிக்க முடியாது. சர்வதேச விண்வெளி நிலையத்தோட பேனல் 160 வோல்ட், மைனஸ் முனை ஃப்ரேமோட சேந்திருக்கு. பேனலோட பிளஸ் ஓரம் எலக்ட்ரானை சுலபமா இழுத்துக்கும், அதை ஈடுகட்ட அயனி அவ்வளவு சுலபமா வராது, அதனால ஃப்ரேமே மைனஸ் 140 வோல்ட் வரைக்கும் போகலாம்னு பயந்தாங்க. வெளித்தகடு ஆனடைஸ், வெளிய ஆள் நடக்குறாங்க, ஸ்பேஸ் சூட்லயும் உலோகம் இருக்கு. அதனால செனான் வாயுல இருந்து பிளாஸ்மாவைக் கிளப்பி எலக்ட்ரானை வெளிய துப்புற கருவியை வச்சு, ஃப்ரேமை 40 வோல்ட்டுக்குள்ள கட்டுப்படுத்துறாங்க. இப்படி தானா வெளிய தள்ளுறது எல்லாருக்கும் தேவைப்படாது. நேர்மாறா வெயில்ல வர்ற சில வோல்ட் பிளஸ் கூட தன் அளவீட்டைக் கெடுக்கும்னு கிளஸ்டர் சாட்டிலைட்டுகள்ல இண்டியம் அயனியை வெளிய விட்டாங்க, அது அறிவியல் கருவிக்காக.

படி 7: சிமுலேஷன், டெஸ்ட்

சார்ஜ் எங்க எவ்வளவு சேரும்னு கணக்கு போடுற சாஃப்ட்வேர் நாஸ்காப்-2கே, ஐரோப்பாவோட ஸ்பிஸ், ஜப்பானோட மஸ்காட், இதுல ஏதாவது ஒண்ணை எடுத்துக்கங்க. உள்ள கொடுக்குற மெட்டீரியல் எண்ணு தப்பா இருந்தா அழகான கலர் படத்தோட தப்பான விடை வரும், அதனால படி 3ஐ ஒழுங்கா முடிச்சுட்டு வாங்க. புது மெட்டீரியல்னா வெற்றிடத் தொட்டியில குளிர வச்சு எலக்ட்ரான் கன்னால அடிச்சுப் பாக்கணும். முழு சாட்டிலைட் சேத்து முடிச்சதும் ஸ்பார்க் கன்னை வச்சு ஃப்ரேம்ல அடிச்சு எலக்ட்ரானிக்ஸ் குழம்புதான்னு பாருங்க. அதை விட முக்கியம், ஒவ்வொரு பிளாங்கெட்டும் மாட்டினதுக்கு அப்புறம் கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் அளந்து எழுதி வைக்கிறது. மாட்டுறதுக்கு முன்னாடி இல்ல, மாட்டினதுக்கு அப்புறம்.

படி 8: மேல போனதுக்கு அப்புறம் கோளாறு வந்தா

தானா ரீசெட் ஆச்சு, யாரும் அனுப்பாத கமாண்டை வாங்கின மாதிரி ஸ்விட்ச் மாறிச்சு, இப்படி ஏதாவது நடந்தா முதல்ல அந்த நேரத்துல சாட்டிலைட் இருந்த இடத்தோட உள்ளூர் நேரம் (அதுக்கு நேர் கீழ பூமியில என்ன நேரம்) என்னன்னு பாருங்க. புயல் எலக்ட்ரான் நள்ளிரவுப் பக்கம் வந்து கிழக்கு நோக்கி நகரும், அதனால நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவுல கோளாறு குவிஞ்சிருந்தா மேற்பரப்பு சார்ஜ் மேல சந்தேகம். சம இரவு நாள் ஒட்டி, மார்ச் செப்டம்பர் சமயம், புவிநிலை சாட்டிலைட் தினமும் 72 நிமிஷம் வரைக்கும் பூமி நிழல்ல போகும், அந்த சீசனையும் ஒப்பிட்டுப் பாருங்க.

உள்ளூர் நேரத்தோட எந்தப் பொருத்தமும் இல்லாம, ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளா 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல உள்ள எலக்ட்ரான் அளவு ஏறியே இருந்துச்சுன்னா உள் சார்ஜ். அமெரிக்காவோட கோஸ் வானிலை சாட்டிலைட் இதை அளக்குது, அந்த அளவு ஒரு எல்லையைத் தாண்டினா எச்சரிக்கை விடுவாங்க, சூரியன் 27 நாளுக்கு ஒரு தடவை சுத்துறதால எலக்ட்ரானை ஏத்தி விட்ட அதே வேகமான சூரியக் காத்து திரும்ப வரவும் வாய்ப்பு இருக்கு, காலண்டர்ல குறிச்சு வச்சுக்கிட்டா அந்த நாள்ல பெரிய மாற்றம் எதுவும் செய்யாம தள்ளிப் போடலாம். 1994 ஜனவரி 20ல கனடாவோட அனிக் இ1, அனிக் இ2 ரெண்டும் சில மணி நேர இடைவெளியில நிலையைக் காக்குற சக்கரத்தோட கட்டுப்பாட்டை இழந்தது இந்த மாதிரி நாள் கணக்கா எலக்ட்ரான் ஏறியிருந்தப்பதான். இ1ஐ அன்னைக்கே ஸ்பேர் சர்க்யூட்டுக்கு மாத்தி மீட்டுட்டாங்க. இ2ல ஸ்பேரும் போயிடுச்சு, அதனால தரையில இருந்தே த்ரஸ்டரை விட்டு விட்டு அடிச்சு நிமித்தி வைக்கிற முறையைப் புதுசா உருவாக்கி, அதை வேலைக்குக் கொண்டு வர மாசக்கணக்குல ஆச்சு.

டெலிமெட்ரியில (சாட்டிலைட் கீழ அனுப்புற தகவல்) நேரத்தை செகண்ட் வரைக்கும் பதிவு பண்ணி வைங்க, ரீசெட் ஆகுற சமயத்துல அதுவும் சேந்து அழியாத மாதிரி தனி மெமரியில. வாயேஜர்-1 1979ல வியாழனைத் தாண்டினப்ப ஒரே மாதிரி 42 ரீசெட் வந்துச்சு, எப்ப எப்ப வந்துச்சுங்கிற பதிவு கையில இருந்ததாலதான் அதை அங்க இருந்த எலக்ட்ரான் அளவோட பொருத்திப் பாத்து, வயர் உறைக்குள்ள சேந்த சார்ஜ் வெடிச்சதுன்னு பின்னாடி காரணம் சொல்ல முடிஞ்சது.